பதின்மூன்றாம் சேனல்

திருப்பூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், கம்ப்யூட்டர் என்று பெயர் சொல்லக்கூடிய எதுவாக இருந்தாலும் அது என் தலையில்தான் விடியும். பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் நான். ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசருக்கு மெயில் வரவில்லை என்றால் நான். கேன்டீனில் டிவி தெரியவில்லை என்று ஒருமுறை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய் அதையும் சரிசெய்துவிட்டு வந்தேன். நான் பொறுமைசாலி இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வரும், வாய் அதற்கும் முன்னால் போய் நிற்கும். ஆனாலும் வேலை தெரிந்தவன் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை மற்றவர்களைவிட நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன்.

இரண்டாயிரத்து எட்டு அது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத வருடம். அந்த வருடம்தான் பேக்கிங் ஹாலில் வயர்லெஸ் போட்டோம். எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் ஒருவர், கன்டெய்னரில் ஏறுகிற ஒவ்வொரு அட்டைப்பெட்டியையும் ஸ்கேன் செய்து பட்டியல் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார். எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எத்தனை பீஸ் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத பெட்டி அவர்கள் கிடங்குக்குள் நுழையாது.

ஹாலின் கூரையில் ஆறு வெள்ளைக் கருவிகளை மாட்டினோம். பார்க்கச் சோற்றுத்தட்டு மாதிரி இருந்ததால் ஆட்கள் முதல் நாளே அவற்றுக்குத் 'தட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெட்டியை ஸ்கேன் செய்தால் அந்த விவரம் ஸ்கேனரிலிருந்து தட்டுக்குப் போய், தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும். ஆறு தட்டுகளையும் ஆட்டி வைக்கிற கண்ட்ரோலர் என் அறையில், என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஆறையும் அதட்டலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்தக் கண்ட்ரோலரில் ரேடியோ செட்டிங் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. வயர்லெஸ்ஸுக்கு இரண்டு அலைப் பட்டைகள் உண்டு. எங்கள் ஸ்கேனர்களுக்கு அதில் ஒன்று மட்டும்தான் தெரியும். அந்தப் பட்டைக்குள் ஒன்று முதல் பதின்மூன்று வரை சேனல்கள். பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள் ஒரே சேனலில் பேசினால் ஒன்றின் பேச்சை மற்றொன்று அமுக்கிவிடும், அதனால் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஊர் உலகமெல்லாம் ஒன்று, ஆறு, பதினொன்று என்று மூன்று சேனல்களோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு ஊர் உலகம் செய்கிற மாதிரி செய்யப் பிடிக்காது. நம் நாட்டில் பதின்மூன்று வரைக்கும் அனுமதி இருக்கும்போது எதற்காக மூன்றோடு நிற்க வேண்டும்? ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்று என்று நான்குக்கு டிக் அடித்தேன். எந்தத் தட்டுக்கு எந்தச் சேனல் என்பதைக் கண்ட்ரோலரே பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். 'அப்ளை' பட்டனை அழுத்திவிட்டு நானே என்னை மெச்சிக்கொண்டு ஒரு டீ குடித்தேன்.

ஸ்கேனர்கள் பதினாறு. புதிதல்ல, அமெரிக்காவில் ஏதோ ஒரு கிடங்கில் ஓடிவிட்டு வந்த பழைய சரக்கு. ஆனால் உழைக்கிற சாமான்.

அவற்றைக் கையில் வாங்கிக்கொண்டது பேக்கிங் இன்சார்ஜ். அந்த ஹாலில் இன்சார்ஜாக இருந்த முதல் பெண் அவர்தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குச் சேர்ந்து, செக்கிங் டேபிளில் நின்று, ஒன்பது வருடத்தில் அந்த இடத்துக்கு வந்தவர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான் இருக்கும். ஆனாலும் கம்பெனியே அவரை அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றேன். திருப்பூர் ராயபுரத்திலிருந்து நடந்தே வருவார். எப்போது பார்த்தாலும் தலையில் ஒரு பேனா செருகியிருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மணிக்கு ஒருமுறை, ஒட்டி முடித்து அடுக்கின பெட்டிகளில் ஒன்றை இழுத்து, டேப்பைக் கிழித்து, உள்ளே இருக்கிற பீஸ் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டி எண்ணுவார். இரண்டு எஸ், நாலு எம், நாலு எல், இரண்டு எக்ஸ்எல் என்று கணக்கு சரியாக இருந்தால் திரும்ப ஒட்டச் சொல்வார். தப்பு இருந்தால் யாரையும் திட்ட மாட்டார். அடுத்த பெட்டியைத் திறப்பார். தப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரிகிற வரைக்கும் திறந்துகொண்டே போவார். யார் செய்தது என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காமலே செய்தவர் வந்து நின்றுவிடுவார். நான் அந்த ஹாலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து ரசித்தும் இருக்கிறேன். அதிலிருந்து ஒரு மண்ணும் கற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

வயர்லெஸ் ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம் தகராறு தொடங்கியது. சாயங்காலம் அடுக்கின பெட்டிகளை எண்ணினால் நானூற்று இருபது. கம்ப்யூட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு. எட்டுப் பெட்டி எங்கே என்று மொத்த அடுக்கையும் பிரித்துத் தேட வேண்டும். மறுநாள் ஐந்து. அதற்கடுத்த நாள் பதினொன்று. கன்டெய்னர் லாரி வெளியே நிற்கிறது, டிரைவர் தூத்துக்குடிக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று ஹாரன் அடிக்கிறான், உள்ளே பெண்கள் பெட்டிகளை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது என்னவென்றால், ஸ்கேனர் லேபிளைப் படித்தவுடன் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். அது படித்ததற்கான சத்தம்தான். விவரம் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்கப்புறம் திரையில் தெரியும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் 'பீப்' வரும், விவரம் போகாது. அவசரத்தில் இருக்கிறவர்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் பெட்டியைத் தள்ளிவிடுவார்கள். இதை முதலில் கண்டுபிடித்ததும் அக்காதான். திரையில் ஓகே வராமல் எந்தப் பெட்டியையும் நகர்த்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். காணாமல் போகிற பெட்டி குறைந்தது, ஆனால் வேலை மெதுவாகிவிட்டது. அதற்கும் அவரைத்தான் கேட்டார்கள்.

என்னிடம் வந்தார்.

"சார், தட்டுக்கு நேர் கீழ வந்தாதான் சார் ஸ்கேனர் வேலை செய்யாம நிக்கி. பத்தடி தள்ளிப் போனா திரும்ப வந்துருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தட்டுக்கு நேர் கீழேதான் சிக்னல் அதிகமாக இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். இதுகூடத் தெரியாமல் தலைகீழாகச் சொல்கிறாரே என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லவும் செய்தேன்.

"அக்கா, குழாய்க்கு நேர் கீழ கொடத்த வச்சா தண்ணி வராது, தள்ளி வச்சாத்தான் வருதுங்கிற மாதிரி சொல்றீங்களே. அப்படி இருக்கவே முடியாதுங்க."

"இருக்கே சார்," என்றார் அவர். "அதுவும் ஒரே தட்டு இல்ல. கரண்டு போயிட்டு வந்தா எடம் மாறிருது. காலைல அயர்னிங் பக்கம் நின்னுது. இப்ப வாசப் பக்கம் நிக்கி."

"சரி, வர்றேன்."

என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காட்டின இடத்தில், தட்டுக்கு நேர் கீழே ஒரு பெட்டிமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். சிக்னல் முழுசாக, ஐந்து கோடும் நிமிர்ந்து நின்றது. அவருக்குத் திருப்பிக் காட்டினேன். சுற்றி நின்ற பெண்களுக்கும் காட்டினேன். இவ்வளவு போதாதென்று, "ஸ்கேனரை ஒழுங்கா நேரா பிடிங்க, எல்லாம் வரும்" என்று ஒரு அறிவுரையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் லேப்டாப் திரையையும் கையிலிருந்த ஸ்கேனரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கள் மேனேஜர் தாராபுரத்துக்காரர். கோபம் ஏற ஏற மரியாதை கூடிக்கொண்டே போகிற மனிதர். அவர் வாயில் 'ங்க' எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்துத்தான் நிலவரம் எவ்வளவு மோசம் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இதென்னங்க இது? சனிக்கெழம லோடுல ஆறு பொட்டி பட்டியல்ல இல்லாமப் போயிருச்சுங்களாமா. பையர் ஆபீஸ்ல இருந்து கேக்கறாங்கங்க. மிசின்ல கோளாறுங்களா, ஆளு கோளாறுங்களா? ஒரே வார்த்தைல எழுதிக் குடுத்துப்போடுங்க."

அந்த ஒரே வார்த்தையை நான் எழுதிக் கொடுத்தேன். வயர்லெஸ் எல்லா இடத்திலும் நன்றாக இருக்கிறது, நேரில் போய்ச் சோதித்துப் பார்த்தாயிற்று, ஸ்கேனரைக் கையாள்வதில்தான் தவறு. கீழே என் கையெழுத்து. எழுதும்போது எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. உண்மையைத்தான் எழுதுகிறேன் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே முடிவு வந்துவிட்டது. பேக்கிங்கை அயர்னிங் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார், அக்கா மறுபடி செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டும், அதற்கான ஆர்டர் வார முடிவில் கைக்கு வரும். ஒன்பது வருடம் ஏறி வந்த படிகளில் பாதியை ஒரே நாளில் இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

வேலை முடிந்து போகிற நேரத்தில் என் அறைக்கு வந்தார். அட்டைப்பெட்டியின் மூடியில் ஒரு பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தார். அதை என் மேஜைமேல் வைத்தார்.

"இத நீங்க வச்சுக்கோங்க சார். எடம், நேரம் எல்லாம் எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்தா ஒங்களுக்கு எதுவும் பிடிபடலாம்."

அழவில்லை, கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். "சரிங்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் போனதும் அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை என் கம்ப்யூட்டர் உயிர் பெற நேரம் எடுத்துக்கொண்டபோது, சும்மா இருக்கிற நேரத்தில் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன்.

ஹாலின் படத்தைப் பேனாவால் வரைந்திருந்தார். தூண், அயர்னிங் டேபிள், வாசல், கூரையில் ஆறு தட்டுகள். தட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண். கீழே வரிசையாக வரிகள். இன்ன நாள், இன்ன மணிக்குக் கரண்ட் போனது. வந்தபிறகு மூன்றாம் தட்டுக்குக் கீழ் நிற்கிறது. மற்ற ஐந்துக்குக் கீழும் நன்றாக இருக்கிறது. மறுபடி கரண்ட் போய் வந்தது. இப்போது மூன்று நன்றாகிவிட்டது, ஐந்தாம் தட்டு நிற்கிறது. ஸ்கேனர் ஒன்றில் மட்டும் இல்லை, பதினாறையும் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அதே இடத்தில் பார்த்தேன், எல்லாம் ஒரே மாதிரி என்று எழுதி முடித்திருந்தார்.

பதினாறையும். லாரி வெளியே நிற்க, ஆளாளுக்குக் கேள்வி கேட்க, நடுவில் இதையும் செய்திருக்கிறார். நான் ஒரே ஒரு லேப்டாப்பைத் திறந்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

எல்லா ஸ்கேனரும் ஒரே தட்டுக்குக் கீழ் நிற்கிறது என்றால் ஸ்கேனர்களுக்கு அந்தத் தட்டு கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம். தள்ளிப் போனால் அடுத்த தட்டு கேட்கிறது. சரி, ஒரு தட்டு மட்டும் ஏன் கேட்கவில்லை? கண்ட்ரோலரில் போய்ப் பார்த்தேன். அன்று காலையும் கரண்ட் போய் வந்திருந்தது. கண்ட்ரோலருக்கு யுபிஎஸ் உண்டு, தட்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற பக்கத்துக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் தட்டுகள் அணைந்து எழுந்திருக்கும்போது கண்ட்ரோலர் சேனல்களை மறுபடி பிரித்துக் கொடுக்கும். இப்போது இரண்டாம் தட்டுக்குப் பதின்மூன்றாம் சேனல் விழுந்திருந்தது. ஒரு ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் இரண்டாம் தட்டுக்குக் கீழே நின்றேன். நெட்வொர்க் இல்லை. பத்தடி தள்ளிப் போனேன். வந்துவிட்டது.

ஸ்கேனரோடு வந்த புத்தகத்தை அன்றுதான் முழுசாகப் புரட்டினேன். அமெரிக்காவில் விற்கச் செய்தது. அங்கே பதினொன்றாம் சேனலோடு முடிந்துவிடும். பதின்மூன்று என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தப் பதினாறு ஸ்கேனர்களுக்கும் தெரியாது. என் லேப்டாப்புக்குத் தெரியும், அதனால்தான் ஐந்து கோடு காட்டியது. நான் மெச்சிக்கொண்டு டிக் அடித்த அந்த ஒரு கட்டம்தான், கரண்ட் போகும்போதெல்லாம் தட்டு மாறி உட்கார்ந்துகொண்டு, ஒரு பெண்ணைச் செக்கிங் டேபிளுக்குத் தள்ளியிருக்கிறது.

சேனல் பட்டியலை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பட்டையையே முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஹால் முழுவதும் வயர்லெஸ் போய்விடும். டீ நேரம் வரைக்கும் காத்திருந்தேன். எல்லோரும் கேன்டீன் பக்கம் போனதும் பட்டையை நிறுத்தினேன். பழைய டிக்குகளை எடுத்துவிட்டு, ஊர் உலகம் வைக்கிற மாதிரி ஒன்று, ஆறு, பதினொன்று வைத்து, மறுபடி ஓடவிட்டேன். பத்து நிமிட வேலை. யாருக்கும் தெரியாது.

மேனேஜரிடம் சொல்லத்தான் நினைத்தேன். அவர் அன்று துணிக்குச் சாயம் போடுகிற டையிங் யூனிட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் வரட்டும் என்று இருந்தேன். சாயங்காலம் அவர் வருவதற்குள் கணக்கு வந்துவிட்டது. அடுக்கினது நானூற்று நாற்பது, கம்ப்யூட்டரிலும் நானூற்று நாற்பது. ஒரு பெட்டிகூடக் குறையவில்லை.

அன்றுதான் புது இன்சார்ஜுக்கு முதல் நாள். நான் இதை யோசிக்கவே இல்லை.

ஆள் மாறினார், தப்பு நின்றது. பார்க்கிறவர்கள் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள்? மேனேஜர் அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். புதன்கிழமையும் ஒரு பெட்டி குறையவில்லை. அந்த மனிதர் கொமரலிங்கம் பக்கத்து ஆள், பாவம், கூச்ச சுபாவம். "நானொண்ணும் பண்ணலீங்க. எல்லாம் தானா வருதுங்க" என்று அவர் சொன்னதைக்கூட அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்கலாம். எதற்கெடுத்தாலும் முந்திக்கொள்கிற என் வாய் அன்றைக்குப் பார்த்துப் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை மத்தியானம் கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

"சார், என்ன மாத்துனிய?"

அவ்வளவுதான் கேட்டார். குரலில் குத்தலோ கெஞ்சலோ இல்லை.

"ஒண்ணும் மாத்தலைங்க்கா" என்றேன்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கவில்லை. பொய் சொல்வது எனக்குப் புதிதல்ல, எல்லோரையும் போலத்தான். ஆனால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் மேனேஜர் அறையைத் தாண்டும்போது அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. அக்காவை இறக்கியதற்குச் சனிக்கிழமை ஆர்டர் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம் என்றார். இனிமேல் பேக்கிங்குக்கு லேடீஸ் இன்சார்ஜ் வேண்டாமுங்க, சரிப்பட்டு வரலீங்க என்றார். அதாவது அக்காவோடு போகிற விஷயமாகவும் இல்லை. ஹாலில் வேலை செய்கிற அறுபது பெண்களில் ஒருவர்கூட இனி அந்த நாற்காலிக்கு வர முடியாது.

அட்டை என் பையில்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் காபியைக்கூடக் குடிக்காமல் அதை மறுபடி எடுத்துப் படித்தேன். தட்டுகளைப் பற்றி எழுதினதை மட்டும்தான் முன்னால் பார்த்திருந்தேன். இப்போது ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். காணாமல் போன ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வரி இருந்தது. மொத்தம் முப்பத்தொன்று. இருபத்தேழுக்கு நேராக 'தட்டு' என்று எழுதியிருந்தார். மீதி நாலு வரிகளுக்கு நேராக, 'இது நம்ம தப்பு' என்று எழுதியிருந்தார். ஒன்றில் லேபிளே ஒட்டவில்லை. ஒன்றில் ஒரே லேபிளை இரண்டு பெட்டிக்கு ஒட்டிவிட்டார்கள். இப்படி நாலு.

பதவி போய்விட்டது என்று தெரிந்த நேரம் அது. முப்பத்தொன்றும் தட்டால் வந்தது என்று எழுதியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? நானே கேட்டிருக்க மாட்டேன். கேட்காதவனிடம் கொடுக்கப் போகிற அட்டையில், தனக்கு எதிரான நாலு வரியைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். பெட்டியைக் கிழித்துக் கொட்டி எண்ணுகிற மனுஷி தன்னையும் அப்படித்தான் எண்ணியிருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த மரியாதையை அப்போது என்ன செய்வது என்றே தெரியவில்லை. அதைவிட அதிகமாக என்மேல் எனக்கு வெட்கம் வந்தது.

வியாழக்கிழமை காலை, மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் உள்ளே போனேன். பதின்மூன்றாம் சேனலில் ஆரம்பித்து, அட்டை, டீ நேரத்தில் மாற்றியது, புதன்கிழமை பொய் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, சேனல் எல்லாம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்தம்மா சொன்னது நெசமுங்களா?"

"நெசமுங்க."

"நீங்க எழுதிக் குடுத்தது பொய்யிங்களா?"

"பொய்யின்னு தெரியாம எழுதுனனுங்க. செவ்வாக்கிழமை தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலீங்க."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு வந்த 'ங்க' அவர் வாயிலிருந்து நான் கேட்டதிலேயே நீளமானது.

"எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க. எங்கிட்டச் சொன்னாப் பத்துமுங்களாங்க? எந்திரிங்க, போலாமுங்க."

செக்கிங் டேபிளுக்கு என்னை அழைத்துக்கொண்டு நடந்தார். வழியில் புது இன்சார்ஜையும் கூப்பிட்டுக்கொண்டார். மெஷின் சத்தத்தில் கேட்காது என்று அந்த வரிசையை நிறுத்தச் சொன்னார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு டி-ஷர்ட்டை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுரு ஒண்ணு சொல்லோணுமாங்க" என்றார் மேனேஜர். அவ்வளவுதான், கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சொன்னேன். சேனல், பட்டை என்று ஆரம்பித்து, யாருக்கும் புரியவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினேன். "தட்டுல நான் தப்பா ஒண்ணு வச்சிருந்தேன். அதனாலதான் பெட்டி காணாமப் போச்சு. அக்கா சொன்னது சரி. நான் சரியாப் பாக்காம அவுங்க தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். செவ்வாக்கிழமை நானே மாத்திட்டு, யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்." இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

யாரும் கைதட்டவில்லை, யாரும் திட்டவும் இல்லை. முதலில் பேசினது புது இன்சார்ஜ்தான். "நாந்தான் சொன்னனுங்களே, நானொண்ணும் பண்ணலீன்னு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மேனேஜர் அக்காவைப் பார்த்து, "ஏனுங்கம்மா, ஊட்டுக்குப் போகையில மனசு எப்புடி இருந்துருக்கும்னு எனக்குத் தெரியுதுங்க. நான் கேக்காம விட்டது தப்புங்க. இப்பவே பேக்கிங்குக்குப் போயிருங்க" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, எழுதிக் கொடுத்ததை மாற்றி எழுதிக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அக்கா கையிலிருந்த டி-ஷர்ட்டைப் பார்த்து முடித்து, மடித்து, நல்ல பீஸ் பக்கம் வைத்தார். பிறகு டேபிளுக்கு அடியில் கைவிட்டு இன்னொரு அட்டையை எடுத்தார். அதே மாதிரி கிழித்த பெட்டி மூடி, அதே கையெழுத்து.

"செவ்வாக்கிழமை டீ நேரத்துல நான் இங்கனதான் சார் இருந்தேன்," என்றார். "பேக்கிங் டேபிள்ல கெடந்த பதினாறு ஸ்கேனரும் யாரும் தொடாமலே ஒண்ணா கத்துச்சு."

ஓரிரு நிமிடம் தொடர்ந்து நெட்வொர்க் இல்லாவிட்டால் ஸ்கேனர் கத்தும். பட்டையை நிறுத்தினபோது அது என் நினைவிலேயே இல்லை.

அட்டையை வாங்கிப் பார்த்தேன். செவ்வாய், டீ நேரம், பதினாறும் ஒன்றாகக் கத்தின. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மூன்று மணிக்குக் கரண்ட் போய் வந்தது, எந்தத் தட்டுக்குக் கீழும் நிற்கவில்லை, அயர்னிங்கிலிருந்து ஒரு ஆளை விட்டுப் பார்த்தேன். புதன், சாரிடம் கேட்டேன், ஒன்றும் மாற்றவில்லை என்றார்.

"தெரிஞ்சும் ஏன்க்கா மேனேஜர்கிட்டச் சொல்லல?"

"நீங்களா சொல்லுதியளான்னு பாத்தேன் சார். நான் போய்ச் சொன்னா நீங்க மறைச்ச ஆளா ஆயிருவிய. நீங்களே சொன்னா தப்புப் பண்ணுன ஆளுதான. அது பரவால்லலா."

தலையிலிருந்த பேனாவை ஒருமுறை சரியாகச் செருகிக்கொண்டு பேக்கிங் பக்கம் நடந்தார். நான் அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் புதன்கிழமைக்குக் கீழே இன்னொரு வரி இருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு வியாழன். அந்த வரி சனிக்கிழமைக்கு எழுதியிருந்தது.

'சார் வெள்ளி வரை சொல்லாவிட்டால், காலை எட்டரைக்கு இதை மேனேஜரிடம் கொடுக்க வேண்டும்.'